சாரலும் சாரதியும்

மழையும் பழைய மோட்டாரும் சந்திப்பதைப் பற்றி உலகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வண்டிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், "ஆஹா! என்ன ரம்மியம்!" என்பார்கள். வெளியே நின்று வண்டியைத் தள்ளுகிறவர்கள் சொல்வதைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் அச்சிடுவதற்கில்லை.

நாம் இரண்டு கட்சியிலும் அங்கத்தினராக இருந்திருக்கிறோம். ஆகையால் நடுநிலைமையுடன் பேச நமக்கு யோக்கியதை உண்டு என்பதை நேயர்கள் ஒப்புக் கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

நம்மிடம் இருப்பது ஒரு அம்பாஸடர் கார். அது இரண்டாம் மார்க்கைச் சேர்ந்தது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 2021-ல் மத்திய அரசாங்கம் வகுத்த விதிகளின்படி, ஐம்பது வயது கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்து கொள்ளலாம். பார்க்கப் போனால் அது பெரிய கௌரவந்தான். ஆனால் அந்தக் கௌரவத்தைப் பெற்ற வண்டியை அன்றாடக் காரியங்களுக்கு ஓட்டக் கூடாதாம். பட்டம் கொடுத்து வீட்டில் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் மனிதர்களுக்கு மட்டுந்தான் என்று இதுவரை எண்ணியிருந்தோம். நம்முடைய வண்டிக்குப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்துச் சாதாரண வண்டியாகவே வைத்துக் கொண்டிருக்கிறோம். அது இன்றும் கீழப்பாவூரிலிருந்து பாவூர்ச்சத்திரம் சந்தைக்குப் போகிறது, தென்காசிக்குப் போகிறது, ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கும் போகிறது. சங்கடம் இந்தக் கடைசிப் பிரயாணத்தில்தான் ஆரம்பிக்கிறது.

* * *

கீழப்பாவூரிலிருந்து குற்றாலம் சுமார் இருபது கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் இந்த இருபது கிலோமீட்டருக்குள் இரண்டு தேசங்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு மலை ஏறுகிறது. ஆரியங்காவுக் கணவாய் என்னும் வாசல் மட்டும் அதற்குத் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றும் மேகமும் செங்கோட்டைப் பக்கம் இறங்கி, குற்றாலத்தில் சாரலாகத் தூவுகின்றன. கிழக்கே வர வர ஈரம் குறைந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. எனவே கீழப்பாவூரில் நாம் வண்டியைக் கிளப்பும்போது தெருவில் புழுதி பறக்கும், வெயில்கூட அடிக்கும். தென்காசிக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்போது கண்ணாடியில் முதல் பொட்டு விழும். குற்றாலத்தை நெருங்கும்போது சாலை முழுவதும் கருங்கல் மெருகு போல் பளபளக்கும்.

புழுதியில் புறப்பட்டு ஈரத்தில் இறங்குகிற இந்தப் பாதைதான் பழைய வண்டிக்குப் பரீட்சை. கொட்டுகிற மழையைக் காட்டிலும் தூவுகிற சாரல் பொல்லாதது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். வெயில் நாட்களில் சாலையில் வண்டிகள் சிந்தும் எண்ணெயும், சக்கர ரப்பரின் தூளும், மண்ணும் படிந்து கிடக்கின்றன. பெருமழை பெய்தால் அவ்வளவையும் கழுவி வாய்க்காலில் சேர்த்துவிடும். சாரலோ கழுவாது, குழைக்கும். குழைத்து, சாலை மேல் மெல்லிய பசையாகத் தடவி வைக்கும். குற்றாலத்திலோ முன்பு இன்னொரு விசேஷமும் இருந்தது. அருவியில் குளிக்கும் மகாஜனங்கள் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக் கொண்டு வருவார்கள். அந்த எண்ணெயில் ஒரு பகுதியாவது சாலைக்கு வந்து சேராமல் இருந்திராது.

இந்தச் சங்கதி நாம் கண்டுபிடித்ததல்ல. திரிகூடராசப்பக் கவிராயர் தம்முடைய குற்றாலக் குறவஞ்சியில், தேனருவியின் நீர்த்திவலை வானத்து வழியெல்லாம் பரவிச் சூரியனுடைய குதிரைகளின் காலும் தேரின் சக்கரமும் சறுக்குவதாகப் பாடியிருக்கிறார். படிக்கிறவர்கள் அதை உயர்வு நவிற்சி அணி என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். ஆடி மாதத்தில் ஐந்தருவிச் சாலையில் மோட்டார் ஓட்டிப் பார்த்தவர்கள் அதில் உயர்வு ஒன்றும் இல்லை என்பதை அறிவார்கள்.

* * *

அம்பாஸடரின் குலம் கோத்திரத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று வழங்கிய வண்டியே, வங்காளத்தில் உத்தரபாராவில் நமது தேசத் தொழிலாளிகளின் கையால் 1950-களின் கடைசியிலிருந்து அம்பாஸடராக அவதாரம் எடுத்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. மந்திரிகளும் வாடகைக்கார டிரைவர்களும் ஒரே மாதிரி வண்டியில் ஏறிச் சென்ற அதிசயம் அதனுடன் முடிந்தது.

ஈரச் சாலையில் அதன் குணம் என்ன? முதலாவது, எஞ்சின் முன்னால் இருக்கிறது. உந்துவதோ பின் சக்கரங்கள். ஈர வளைவில் அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பின்புறம் 'நான் முந்திப் போகிறேன்' என்று பக்கவாட்டில் கிளம்பும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, வளைவுக்குள் ஒரே சீராகப் போனால் பசுவைப் போல் சாதுவாக வரும். இரண்டாவது, ஸ்டியரிங். அதற்குச் சகாயம் செய்யும் யந்திரம் எதுவும் கிடையாது. பல்சட்டமும் சிறு சக்கரமும் நேராகக் கையையும் சாலையையும் இணைக்கின்றன. நின்ற இடத்தில் திருப்புவதற்குப் புஜபலம் வேண்டும். ஆனால் ஓடும்போது, முன் சக்கரத்தின் பிடி குறைகிற அந்தக் க்ஷணத்திலேயே ஸ்டியரிங் லேசாகிவிடும். கை அதை உணரும். இப்போதைய கார்களில் இந்தச் செய்தி நம் கைக்கு வருவதற்குள் நடுவில் பல யந்திரங்கள் புகுந்து அதை மழுப்பிவிடுகின்றன. பழைய வண்டி ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறது. கேட்பதற்குத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, சக்கரம். ஒரு வேகத்துக்கு மேல் போனால் டயருக்கு அடியிலிருக்கும் நீர் விலக நேரம் கிடைக்காது. டயர் நீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்புவதும், நடு ஆற்றில் துடுப்பில்லாத தோணியில் உட்கார்ந்து கையை ஆட்டுவதும் ஒன்றுதான். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாஸாவைச் சேர்ந்தவர்கள் 1960-களில் ஆகாய விமானச் சக்கரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். டயரின் காற்றழுத்தம் குறையக் குறைய, மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது என்று கண்டார்கள். அழுத்தம் நாலில் ஒரு பங்கானால் பாதி வேகத்திலேயே மிதப்பு வந்துவிடுமாம். ஆகவே மழைநாளில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு அதிகம் என்று டீக்கடையில் சொல்லும் யோசனையைத் தார்ச்சாலையில் அனுசரிக்க வேண்டாம். தேய்ந்த டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்கு அல்ல. அவை நீர் வடியும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயல் என்ன ஆகும் என்பது கீழப்பாவூர்க்காரர்களுக்குத் தெரியாதா?

* * *

இனி பிரேக்குக்கு வருவோம். நம்முடைய வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சட்டி போன்ற டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்துவதால் வண்டி நிற்கிறது. ஆழமான நீரில் இறங்கி ஏறினால் சட்டிக்குள் நீர் புகுந்து லைனிங் நனைந்துவிடும். நனைந்த லைனிங் வழுக்குமே தவிரப் பிடிக்காது. அதிலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் நனைந்திருந்தால், பிரேக்கை மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அந்தக் காலத்து டிரம் பிரேக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சுபாவம் இது.

இதோடு சிறிது கணக்கையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நனைந்த தார்ச்சாலையில் சக்கரத்தின் பிடிப்பு, உலர்ந்த சாலையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக் கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்கு ஒரு வினாடி ஆகும். அந்த வினாடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அதன் பிறகு நிற்பதற்குச் சுமார் 35 மீட்டர். ஆக 50 மீட்டருக்கு மேல். வேகத்தைப் பாதியாக்கி 30 கிலோமீட்டரில் போனால், ஒரு வினாடிக்கு 8 மீட்டர். நிற்க 9 மீட்டர். மொத்தம் 17 மீட்டரே. வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கால்வாசியாகிறது. குடும்பத்துடன் போகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்து கொண்டால் போதும்.

நம்முடைய மூத்த மகன் இந்தக் கணக்கை நன்றாகப் போடக் கூடியவன். போட்டுப் பார்த்துத்தான், சென்ற வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "அப்பா, உங்கள் வண்டி மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் மழையில் குழந்தைகளை அதில் ஏற்றுவது சரியில்லை. சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காக்கும் பிரேக் இல்லை, உயிர் காக்கும் காற்றுப்பை இல்லை, பின்சீட்டில் பெல்ட்டும் இல்லை. ஒன்று வண்டியைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் மட்டும் ஓட்டுங்கள்" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வீட்டிலுள்ளவர்களோ அவரவர் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்கள். "வெயிலில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் அப்பளம் பொரிந்துவிடும், மழையில்தான் உட்கார முடியும்" என்றாள் நம் வீட்டு அம்மாள். பேரப் பிள்ளைகள் ஏற்கெனவே முன்சீட்டில் இடம் பிடித்து விட்டார்கள். கடைசியில், அன்றைக்கு மட்டும் போவது, மகனும் கூட வருவது, வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று ராஜி ஏற்பட்டது. பிள்ளைகளைப் பின்சீட்டுக்கு மாற்றி, மகனை முன்சீட்டில் உட்கார்த்திக் கொண்டு கிளம்பினோம்.

அருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வரும்போது சாரல் வலுத்து மழையாகியிருந்தது. வயல்களுக்கு நடுவே சாலை தாழ்ந்திருந்த ஓரிடத்தில் வாய்க்கால் வழிந்து அரையடி நீர் குறுக்கே நின்று கொண்டிருந்தது. எதிரே வந்த ஆட்டோ ரிக்ஷாவின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்து ஆழத்தைத் தெரிந்து கொண்டோம். முதல் கியரில், எஞ்சின் வேகம் தளராமல், அலை எழும்பாமல் மெதுவாகக் கடந்தோம். கரை ஏறியதும் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வலது காலால் வண்டியை ஓட்டிக் கொண்டு போனோம்.

"தாத்தா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஏன் ஓட்டுறீங்க?" என்று பின்னாலிருந்து பேரன் கேட்டான்.

"குளிச்சுட்டு வந்தா தலை துவட்ட வேண்டாமா? அது மாதிரி" என்றோம்.

இந்த வித்தை பாவூர்ச்சத்திரத்து முதிய மெக்கானிக் ஒருவர் நமக்குப் போதித்தது. "தண்ணியிலே இறங்கி ஏறினா, பிரேக்கை காயவச்சுட்டு அப்புறம் வேகம் எடுங்க அண்ணாச்சி. நனைஞ்ச பிரேக்கை நம்பாதீங்க" என்பார் அவர். ஷூ டிரம்மில் உராயும் உஷ்ணத்திலேயே லைனிங் உலர்ந்து விடுகிறது. முதலில் பெடல் வெறுமனே போகும். ஒரு பர்லாங்குக்குள் பிடி திரும்பி வருவது காலுக்குத் தெரியும்.

பிடி திரும்பி வந்தது. அரை மைல் தூரம் போயிருப்போம். நின்று கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு கன்றுக்குட்டி சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது. அதைப் பிடிப்பதற்காக, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்த ஒரு சிறுவனும் பின்னாலேயே ஓடி வந்தான். அவனுக்கு நம் வண்டி கண்ணில் படவே இல்லை. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு வண்டி வழுக்கிக் கொண்டே போயிருக்கும். மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, மூன்றாம் தரத்தில் வண்டி நேராக நின்றது. சிறுவனுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் அளவு இடம் இருந்தது. அவன் கன்றின் கயிற்றைப் பிடித்துக் கொண்டு, நம்மைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டு, வயலில் இறங்கிப் போய்விட்டான். நமக்குத்தான் சற்று நேரம் கியரைப் போடக் கை வரவில்லை.

வண்டிக்குள் யாரும் பேசவில்லை. பாவூர்ச்சத்திரம் வந்த பிறகு மகன் வாயைத் திறந்தான். "விற்க வேண்டாம் அப்பா. ஆனால் பின்சீட்டுக்கு பெல்ட் போட்டாக வேண்டும்" என்றான். அடுத்த வாரமே போட்டாயிற்று.

* * *

மழையில் கால் எவ்வளவு முக்கியமோ, அதைவிடக் கண் முக்கியம். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஒரு பெண்மணியின் யோசனை. அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்ஸன் என்பவர், உள்ளிருந்தபடியே கையால் நெம்புகோலை அசைத்துக் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-ல் காப்புரிமை பெற்றார். வேறு சில பழைய கார்களில் எஞ்சின் இழுக்கும் காற்றின் சக்தியால் வைப்பர் ஆடும். அதில் ஒரு வேடிக்கை. மேட்டில் ஏறுவதற்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வைப்பர் தூங்கிவிடும். காலை எடுத்தால் பரபரவென்று ஆடும். நம் வண்டியில் மின்சார வைப்பர். அது தூங்குவதில்லை, ஆனால் வாழ்க்கையில் அவசரமும் காட்டுவதில்லை. வைப்பர் அடியோடு நின்று போனால் லாரிக்காரர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பார்கள். அப்போது நீர் பொட்டுப் பொட்டாக நிற்காமல் படலமாக வழியும். புகையிலையினால் விளையும் நன்மை நமக்குத் தெரிந்த வரையில் அது ஒன்றுதான்.

வெளியே மழை, உள்ளே ஈரத் தலையுடன் ஐந்தாறு பேர் என்றால் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பாலாகிவிடும். இதற்கு மருந்து, முன்கதவுகளில் இருக்கும் சிறிய முக்கோணக் கண்ணாடியைத் திறப்பது. கொஞ்சம் சாரல் உள்ளே வரும், வரட்டும். எப்படியும் ஐம்பது வருஷத்து ரப்பர் பட்டைகளின் வழியாக மழை நம்முடைய அனுமதியைக் கேட்காமலே வந்து கொண்டுதான் இருக்கிறது.

இரவு நேரத்தில் இன்னொரு கஷ்டம். பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மிகக் கொஞ்சமாகத்தான் மின்சாரம் தருகிறது. மழைக்காக மெதுவாகப் போகிறோம். அதே மழைக்காக முன்விளக்கு, வைப்பர் இரண்டையும் போடுகிறோம். வரவு குறைந்து செலவு அதிகமானால் பாட்டரியின் கதி மாதக் கடைசியில் நம்முடைய கதிதான். ஆகையால் மழை இரவில் இந்த வண்டியை வெளியே எடுப்பதில்லை என்பது நம் வீட்டுச் சட்டம்.

* * *

சாரல் காலம் போய் ஐப்பசி பிறந்தால் நிலைமையே வேறு. வடகிழக்குப் பருவ மழை தூவாது, கொட்டும். குளங்கள் பெருகிச் சாலை ஓடையாகும். சக்கரம் வாரி அடிக்கும் நீர் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் பட்டால் மின்பொறி வழி தவறிவிடும். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நிற்கும். உலர்ந்த துணியால் மூடியைத் துடைத்து மறுபடி பூட்டினால் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். அதற்காகவே ஒரு பழைய வேஷ்டித் துண்டு நம் வண்டியில் எப்போதும் இருக்கிறது.

ஆனால் வேஷ்டித் துண்டுக்கும் சாமர்த்தியத்துக்கும் அடங்காத நீரும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு போயிற்று. அருவியில் மழை பெய்ய வேண்டுமென்பதில்லை. மேலே மலையில் பெய்தால் போதும். ஓடுகிற நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறு கார்களைத் தூக்கிவிடும். இரண்டடி இருந்தால் அநேகமாக எந்த வண்டியையும் அடித்துச் செல்லும். அங்கே பழைய வண்டி, புது வண்டி என்ற பேதம் இல்லை. திரும்பிப் போவது ஒன்றே மார்க்கம்.

இவ்வளவும் எழுதியதைப் படித்துவிட்டு, "இத்தனை தொல்லைப்பட்டு அந்த வண்டியை ஏன் வைத்துக் கொள்ள வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். மகன் சொன்ன குறைகளில் பெல்ட் ஒன்றைத்தான் நம்மால் நிவர்த்தி செய்ய முடிந்தது. மற்றவை குறைகளாகவே இருக்கின்றன. புதுக் காரில் குழந்தைகள் அதிக பத்திரமாக இருப்பார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஆகவே பெருமழையில் அவர்கள் போவது மகனுடைய புதுக் காரில்தான். சாரலில், பகலில், முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் என்றால் மட்டும் நம்முடன் வருகிறார்கள்.

அந்த முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வழியில் இருப்பவை கண்ணுக்குப் படுகின்றன. மேகம் மலையின் தோளில் இறங்குவது தெரிகிறது. சிற்றாற்றின் நிறம் மாறுவது தெரிகிறது. பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு கன்றுக்குட்டி வரக்கூடும் என்பதும் தெரிகிறது. நம்மைத் தாண்டிச் செல்லும் புதிய கார்களை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வண்டியில் எத்தனை காவல் யந்திரங்கள் இருந்தாலும், அந்தச் சிறுவனுக்கு ஒரு சாக்குக் கொங்காணிதான் இருக்கிறது. சாலை நனைந்திருக்கும்போது அவனுக்காகவாவது வலது காலைச் சற்றுத் தூக்குங்கள்.